தூளியிலிருந்து பாய்க்கு: ஆட்டாமல் தூங்கப் பழக்குவது எப்படி?

இந்தப் பதிவு யாருக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு 6 மாதம் தாண்டிவிட்டது. தூளியில் போட்டு ஆட்டினால்தான் கண் மூடுகிறது. கை ஓய்ந்து ஆட்டம் நின்றால் உடனே சிணுங்கல். ராத்திரி 1 மணிக்கு ஒரு தடவை, இரண்டரைக்கு ஒரு தடவை, விடியற்காலையில் இன்னொரு தடவை என்று நீங்களோ வீட்டுக்காரரோ எழுந்து, தூளிச் சேலையைப் பிடித்தபடி உட்கார்ந்தே தூங்குகிறீர்கள். தனியார் வேலை என்றால் 26 வாரப் பேறுகால விடுப்பும் முடிந்திருக்கும். காலையில் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். எங்கள் வீட்டில் சின்னவன் விஷயத்தில் இதுதான் நிலைமை. இப்போது பாயில் படுத்து, கொஞ்சம் தட்டிக்கொடுத்தால் தூங்குகிறான். நடுவில் என்னென்ன செய்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

4 மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தை என்றால் இதைப் படித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பிறந்த குழந்தைக்கு ராப்பகல் தெரியாது. இருட்டியதும் தூக்கத்தை வரவழைக்கிற மெலடோனின் சுரப்பு ஓர் ஒழுங்குக்கு வரவே இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை பசித்தால் பால், நனைந்தால் துணி மாற்றுவது, அவ்வளவுதான். பாதுகாப்பு பற்றி படி 2-ல் எழுதியதை மட்டும் அவசியம் படியுங்கள். அது எல்லா வயதுக்கும்.

தூளி என்ன பாவம் செய்தது?

ஒன்றும் செய்யவில்லை. இந்த வேலையைத் தொடங்கியபோது அத்தை கேட்டார்: “ஏம்மா, ஊரு உலகத்துல தூளில தூங்காத புள்ளையா? உன் வீட்டுக்காரனையே மூணு வயசு வரைக்கும் தூளிலதான் போட்டேன்.” அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர் காலத்து வீட்டில் ஆட்டுவதற்கு நான்கு பேர் இருந்தார்கள். நம் வீட்டில் இருப்பது இரண்டு பேர், அதில் ஒருவருக்கு ஷிப்ட்.

விஷயம் இதுதான். பெரியவர்களுக்குத் தூக்கத்தின் ஒரு சுற்று ஏறக்குறைய 90 நிமிடம். கைக்குழந்தைக்கு 50, 60 நிமிடம்தான். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் எல்லோருமே அரைகுறையாக விழிக்கிறோம். புரண்டு படுத்து மறுபடி தூங்கிவிடுவதால் காலையில் நினைவிருப்பதில்லை. திருச்சி போகிற ராத்திரி பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்து தூங்கியிருப்பீர்கள். வண்டி ஓடும்வரை ஒன்றும் தெரியாது. ஏதோ ஒரு மோட்டலில் எஞ்சினை அணைத்ததும் மொத்த பஸ்ஸும் கண்ணைத் திறந்து “எந்த ஊரு?” என்று கேட்கும். தூளிக் குழந்தையும் அப்படித்தான். ஆடிக்கொண்டே தூங்கியது, அரை விழிப்பில் பார்த்தால் ஆட்டம் இல்லை. உடனே கூப்பிடுகிறது. கடைசியாகக் கண் மூடும்போது என்ன இருந்ததோ, நடுராத்திரியிலும் அதையே கேட்கும். ஆட்டமோ, முலைக்காம்போ, புட்டியோ, தோளோ, எதுவாக இருந்தாலும் இதே கதைதான்.

தூளியை விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குழந்தை புரளவும் எழுந்து உட்காரவும் தொடங்கிவிட்டால் சேலைத் தூளி ஆபத்து. சேலை முறுக்கிக்கொள்ளலாம், குழந்தை தலைகுப்புற விழலாம். ரொம்பச் சின்னக் குழந்தைக்கோ தாடை நெஞ்சில் முட்டி மூச்சு அடைபடலாம். வீட்டில் பெரிய பிள்ளைகள் இருந்தால் தொங்குகிற தூளியை ஊஞ்சலாக்கிச் சுற்றி விளையாடுவார்கள். கழுத்தில் இறுகி இறந்த சிறுவர்களைப் பற்றிய செய்தி நம் நாளிதழ்களில் அவ்வப்போது வருகிறது. பயன்படுத்தாத நேரத்தில் தூளியை அவிழ்த்து மடித்து வைத்துவிடுங்கள். கொக்கியில் தொங்கவிடவே கூடாது.

படி 1: முதலில் உடம்பைப் பாருங்கள்

பழக்கத்தை மாற்றுவதற்கு முன், குழந்தை வேறு எதற்காவது அழுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். தினமும் குறட்டை, வாயைத் திறந்து மூச்சு விடுதல், நடுவில் மூச்சு நின்று திணறி எழுதல் இருந்தால் அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) வீக்கமாக இருக்கலாம். படுக்க வைத்தால் வீறிட்டு அழுது, காதைப் பிடித்து இழுத்து, கூடவே காய்ச்சலும் அடித்தால் காதுவலியைச் சந்தேகப்படுங்கள். 1 வயது தாண்டிய குழந்தை ராத்திரியில் மட்டும் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு புரண்டால் கீரிப்பூச்சியாக இருக்கலாம். தோல் அரிப்பும் தூக்கத்தைக் கெடுக்கும். எடை ஏறாத குழந்தைக்கு ராப்பால் தேவைப்படலாம். அதற்குப் பழக்கம் என்று பெயர் வைத்துவிடாதீர்கள்.

இரும்புச் சத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது குறைந்தால் குழந்தை ராத்திரி முழுக்கக் காலை உதைத்து உருளும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 6 மாதம் முதல் 5 வயதுக்குள் உள்ள இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அரசாங்கமே இந்த வயதுக்கு வாரம் 2 முறை, 1 மில்லி இரும்புச் சத்து சிரப் கொடுக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். டாக்டர் ஏற்கெனவே வேறு சிரப் எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்காமல் அவரிடம் காட்டிவிடுங்கள்.

படி 2: இடம்

முதல் 1 வயது வரை பகலிலும் ராத்திரியிலும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். அமெரிக்காவில் 1994-ல் இதற்கென்று பெரிய பிரசாரம் தொடங்கி, அடுத்த பத்தாண்டுக்குள் தூக்கத்தில் காரணம் தெரியாமல் நிகழும் குழந்தை மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. குழந்தை தானாகவே இரண்டு பக்கமும் புரளக் கற்றுக்கொண்ட பின், மல்லாக்கப் போட்டதும் அது குப்புறத் திரும்பினால் விட்டுவிடலாம்.

படுக்கை தட்டையாக, கெட்டியாக இருக்க வேண்டும். நாங்கள் கோரைப்பாய், அதன்மேல் மடித்த ஜமுக்காளம், அதன்மேல் நன்றாக இழுத்துச் செருகிய பருத்தி விரிப்பு போட்டோம். இலவம்பஞ்சு மெத்தை வேண்டாம், முகம் புதையும். தலை உருண்டையாக வரும் என்று வாங்கிக் கொடுக்கும் கடுகுத் தலையணையும் வேண்டாம். 1 வயது வரை தலையணை, பொம்மை, தடிப் போர்வை எதுவும் கிட்டத்தில் இருக்கக் கூடாது. கழுத்துச் செயின், கறுப்புக் கயிறு, தாயத்து எல்லாவற்றையும் ராத்திரியில் கழற்றிவிடுங்கள். அத்தைக்காக அதைக் காலில் கட்டிக்கொள்ளலாம் என்று எங்கள் வீட்டில் சமாதானம் ஆனது.

உங்கள் படுக்கைக்குப் பக்கத்திலேயே, கை எட்டும் தூரத்தில், தனி விரிப்பு. தனி அறை எல்லாம் நம் வீட்டுக்குச் சரிப்படாது, தேவையும் இல்லை. முதல் 6 மாதமாவது அதே அறையில் இருப்பதுதான் பாதுகாப்பு என்று டாக்டர்களே சொல்கிறார்கள். குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு சோபாவில் தூங்கிவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

கொசுவுக்கு வலை. சுருளும் சாம்பிராணிப் புகையும் மூடிய அறையில் வேண்டாம், பிஞ்சு நுரையீரல் தாங்காது. கடையில் விற்கும் குடை வலை தவழாத குழந்தைக்குச் சரி. தவழ ஆரம்பித்தால் அதைத் தன் மேலேயே கவிழ்த்துக்கொள்ளும். நான்கு மூலையிலும் ஆணியடித்துக் கட்டுகிற பழைய பெரிய வலையே என் ஓட்டு. ஓரத்தை நன்றாகச் செருகிவிட்டால் நீங்களும் உள்ளே, குழந்தையும் உள்ளே.

விளக்கு: நீல நிற ஜீரோ வாட்ஸ் பல்பு பல வீடுகளில் எரிகிறது. மெலடோனினை அதிகம் அடக்குவது நீல வெளிச்சம்தான். கழற்றிவிட்டு மங்கலான சிவப்போ ஆரஞ்சோ மாட்டுங்கள். சத்தத்துக்கு ஃபேன் போதும். மழைச் சத்தம் போடும் செயலிகள் எனக்குப் பிடிக்கவில்லை. நடுராத்திரியில் விளம்பரம் பாடி எழுப்பிவிடும், கூடவே அதைப் பார்க்கிற சாக்கில் நாமும் போனை நோண்டுவோம். பழைய டேபிள் ஃபேனைச் சுவர் பக்கம் திருப்பி ஓடவிட்டால் அதைவிட நல்ல இரைச்சல் கிடைக்கும்.

படி 3: நேரக் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பகலும் ராத்திரியும் சேர்த்து 4 முதல் 11 மாதம் வரை 12–16 மணி நேரம், 1–2 வயதில் 11–14, 3–4 வயதில் 10–13. இதைத் தூக்கிக்கொண்டு “என் குழந்தை 11 மணி நேரம்தான் தூங்குகிறது” என்று பயப்பட வேண்டாம். முதலில் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். எப்போது தூங்கியது, எப்போது எழுந்தது, எப்படித் தூங்கியது என்று மூன்றே விஷயம். மூன்றாவதுதான் முக்கியம். ‘தூளி’, ‘பால்’, ‘தோள்’, ‘கார்’ என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். நான்காவது நாள் தாளைப் பார்த்தாலே எங்கே சிக்கல் என்று தெரிந்துவிடும். இதற்குக் காசு வாங்கும் செயலிகள் உண்டு. தயவுசெய்து வாங்காதீர்கள்.

தாளில் பெரும்பாலும் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும்: சாயங்காலத் தூக்கம். 6 மணிக்குத் தூங்கி 7 மணிக்கு எழுந்த குழந்தை 8 மணிக்கு எப்படித் தூங்கும்? 5 மணிக்குள் கடைசிப் பகல் தூக்கம் முடிந்துவிட வேண்டும். காலையில் எழுப்பும் நேரத்தையும் ஒன்றாக வையுங்கள். ராத்திரி கெட்டுப்போனது என்று ஒன்பது மணி வரை தூங்கவிட்டால் அன்றைய நாளும் கெடும். எழுந்ததும் வாசலிலோ மாடியிலோ வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மணிக்குப் படுக்க வைப்பது? ஆங்கிலத்தில் படித்தால் எல்லோரும் ஏழு மணி என்கிறார்கள். அப்பாவே ஒன்பது மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறார். 17 நாடுகளில் குழந்தைகள் தூங்கும் நேரத்தைக் கேட்டறிந்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், நியூசிலாந்துக் குழந்தைகள் சராசரியாக ஏழரைக்குத் தூங்கின, ஹாங்காங் குழந்தைகள் பத்தைத் தாண்டி. உங்கள் வீட்டில் தினமும் நடத்த முடிகிற நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது எட்டே முக்கால். அப்பா வந்து ஒரு சுற்று தூக்கிக் கொஞ்சுவதற்கும் நேரம் இருக்கும், ஒன்பது மணி சீரியலின் சத்தத்துக்கு முன்னால் கதவைச் சாத்தவும் முடியும்.

படி 4: தூங்குமுன் வரிசை

சுருக்கமாகச் சொல்கிறேன். பால், வெந்நீரில் உடம்பு துடைப்பது, ராத்திரி டயப்பர், தளர்வான பருத்திச் சட்டை, வெளிச்சத்தைக் குறைப்பது, ஒரே பாட்டு. தினமும் இதே வரிசை. எந்தப் பாட்டு என்பது முக்கியமில்லை; எனக்குத் தெரிந்த ஆராரோ இரண்டு வரிதான், மீதி முனகல்.

இதில் பாலை மட்டும் கவனியுங்கள். பால் வரிசையின் கடைசியில் இருந்தால் குழந்தை பாலிலேயே தூங்கிவிடும். முழுக்கத் தூங்குமுன் பாயில் இறக்கும் படி 6 நடக்காது. அதனால்தான் பால் முன்னால், சட்டை மாற்றுவது பின்னால். புட்டியை வாயில் வைத்தபடி தூங்கும் பழக்கம் பல்லையும் சொத்தையாக்கும். துணி லங்கோடுதான் நல்லது என்பவர்கள் பகலில் கட்டுங்கள். ராத்திரி ஈரத்தில் எழுகிற குழந்தையை வைத்துக்கொண்டு கொள்கை பேச முடியாது.

2 வயதுக்குள் போன், டிவி வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே சொல்கிறது. சாப்பாட்டு நேரத்தில் ரைம்ஸ் ஓடாமல் இருக்க முடியாத வீடு என்றாலும், படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலாவது அணைத்துவிடுங்கள்.

படி 5: ஆட்டத்தை எடுக்குமுன் தட்டலைச் சேர்க்கவும்

பெரும்பாலோர் நேராகத் தூளியை அவிழ்த்துவிட்டுப் பாயில் போடுகிறார்கள். குழந்தைக்கு ஆட்டமும் போனது, சேலையின் இறுக்கமும் போனது, கையில் பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை. அதனால் முதலில் தூளியில் இருக்கும்போதே ஒரு புதுப் பழக்கத்தைச் சேருங்கள். ஒரு கையால் ஆட்டிக்கொண்டே, இன்னொரு கையால் சேலைக்கு வெளியே புட்டத்தில் தட்டுங்கள். தூளி ஒருமுறை போய் வருவதற்கு ஒரு தட்டு. கூடவே அதே முனகல் பாட்டு. சில நாளில் தட்டலும் பாட்டும் தூக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் ஆட்டத்தைக் குறையுங்கள். முதலில் கண் சொருகும்போது வேகத்தைப் பாதியாக்குங்கள், தட்டல் அப்படியே இருக்கட்டும். அடுத்து, கண் சொருகும்போதே ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தட்டல் மட்டும். அதற்கடுத்து, ஆடாத தூளியில் போட்டு ஆரம்பத்திலிருந்தே தட்டல் மட்டும். ஒரு கட்டத்தில் மூன்று நாள் தொடர்ந்து சரியாக நடந்தால் அடுத்ததுக்குப் போகலாம். நடக்காவிட்டால் ஒரு கட்டம் பின்னால் வாருங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

இந்தப் படி முழுக்க நீங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தூளி தரையை ஒட்டித் தாழ்வாகக் கட்டியிருக்க வேண்டும். தூங்கியபின் பாய்க்கு மாற்றிவிடுங்கள். குழந்தை ஏற்கெனவே புரள்கிறது, எழுந்து உட்காரப் பார்க்கிறது என்றால் தூளியை விட்டுவிட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்து மடியில் ஆட்டி இதே வரிசையைச் செய்யுங்கள். கொஞ்சம் முட்டி வலிக்கும்.

படி 6: பாயில் இறக்குவது

எனக்கு அதிகம் தலைவலி கொடுத்த இடம். கையில் பூனைக்குட்டி மாதிரி தூங்குவான், முதுகு விரிப்பில் படுவதற்குள் இரண்டு கையையும் விரித்து, கண்ணைத் திறந்து, “என்ன செய்கிறாய்?” என்பதுபோலப் பார்ப்பான். விரிப்பு குளிர்கிறதா என்று சூடுபடுத்திப் பார்த்தோம், சட்டையை மாற்றிப் பார்த்தோம். பலனில்லை.

விளக்கம் ஜப்பானிய ஆய்வு ஒன்றில் கிடைத்தது. ரிகென் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குமி குரோடாவின் குழு 2022-ல் வெளியிட்டது. அழும் கைக்குழந்தைகளின் இதயத் துடிப்பைக் கணக்கெடுத்துக்கொண்டே, குழந்தையைத் தூக்கி நடக்கவும் உட்காரவும் இறக்கவும் தாய்மார்களிடம் சொன்னார்கள். குழந்தை உஷாராவது படுக்கை முதுகில் படும்போது அல்ல. தாயின் உடம்பிலிருந்து பிரியத் தொடங்கும் கணத்தில். இறக்குவதற்கு முன் எவ்வளவு நேரம் தூங்கியிருந்தது என்பதைப் பொறுத்துத்தான் அது எழுவதும் எழாததும். அவர்கள் சொல்லும் வழி: அழும் குழந்தையைத் தூக்கி 5 நிமிடம் நிற்காமல், திடீர்த் திருப்பம் இல்லாமல் நடங்கள். தூங்கியதும் உடனே இறக்காமல், வைத்துக்கொண்டே 5 முதல் 8 நிமிடம் உட்காருங்கள். அப்புறம் இறக்குங்கள்.

இதைத் தெரிந்துகொண்ட பின் நாங்கள் இறக்கும் விதமே மாறியது. நின்றபடி குனிந்து இறக்கினால் உங்கள் நெஞ்சுக்கும் குழந்தைக்கும் நடுவில் சட்டென்று இடைவெளி விழும். அதனால் பாய்மேலேயே மண்டியிட்டு உட்காருங்கள். குழந்தை நெஞ்சோடு ஒட்டியிருக்க, நீங்களும் சேர்ந்தே சாயுங்கள். முதலில் அதன் புட்டம் தரையில் படட்டும், அப்புறம் முதுகு, கடைசியில் தலை. தலை முதலில் இறங்கினால் விழுவதுபோலத் தோன்றிக் கையை விரிக்கும். தலை படிந்தபின்னும் உங்கள் நெஞ்சு அதன்மேல் பாரம் இல்லாமல் ஒட்டியே இருக்கட்டும், நான்கைந்து மூச்சு. தலைக்குக் கீழே உள்ள கையை இழுக்காதீர்கள். விரிப்பை அழுத்திக்கொண்டே வழுக்கி எடுங்கள். நெஞ்சு பிரியும்போது அந்த இடத்துக்கு ஓர் உள்ளங்கை வந்திருக்க வேண்டும். இன்னொரு கை தட்டலை ஆரம்பிக்கட்டும், முனகல் தொடரட்டும். தட்டலின் வேகம் குறைந்து, அப்புறம் கை சும்மா கிடந்து, அப்புறம் விரல் மட்டும். கண்ணாடி வளையல் போட்டிருந்தால் ராத்திரியில் கழற்றி வைத்துவிடுங்கள். சொல்ல மறந்தால் திட்டுவீர்கள்.

இது நன்றாகப் பழகியபின்தான் உண்மையான கட்டம்: முழுக்கத் தூங்குவதற்கு முன்பே, கண் சொருகிய நிலையில் இறக்குவது. அப்போதுதான் கடைசியாகக் கண் மூடும் இடம் பாயாக இருக்கும். முதல் நாட்களில் அழும். உடனே தூக்காமல், கையை வைத்தபடி தட்டுங்கள். அழுகை ஏறினால் தூக்குங்கள். அடங்கியதும், தூங்கிவிடாமல், மறுபடி இறக்குங்கள். ஒரு ராத்திரியில் பலமுறை நடக்கும். இடுப்பு விட்டுப்போகும். அதனால் இதை வெள்ளிக்கிழமை ஆரம்பியுங்கள், வீட்டில் இரண்டு பேர் இருக்கும்போது.

ராத்திரி முதல் தூக்கத்தில் தொடங்குங்கள். நாள் முழுக்க விளையாடிய களைப்பு உங்களுக்குத் துணை நிற்கும். பகல் தூக்கத்தைக் கடைசியில் மாற்றுங்கள். அதுவரை பகலில் மடியில் ஆட்டித் தூங்கவைத்தாலும் பரவாயில்லை.

தனியாக அழவிட்டு வெளியே வந்துவிடும் முறையைப் பற்றிக் கேட்பீர்கள். குறிப்பிட்ட இடைவெளியில் போய்ப் பார்க்கும் முறையால் பின்னாளில் குழந்தைக்குக் கெடுதல் எதுவும் தெரியவில்லை என்று ஆஸ்திரேலியாவில் 5 ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு 2012-ல் சொன்னது. அதனால் செய்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கு ஒத்துவரவில்லை. எல்லோரும் படுப்பது ஒரே அறை, பக்கத்து அறையில் அத்தை. இரண்டாவது நிமிடம் கதவைத் திறந்துகொண்டு அவர் வந்துவிடுவார்.

படி 7: நடுராத்திரி

சத்தம் கேட்டதும் பாயாதீர்கள். கைக்குழந்தை தூக்கத்திலேயே முனகும், சிணுங்கும், கண்ணைக்கூட அரைகுறையாகத் திறக்கும். ஒரு நிமிடம் சும்மா இருந்து பாருங்கள். பாதி நேரம் அதுவே அடங்கிவிடும். நிஜமாகவே எழுந்தால் முதலில் உள்ளங்கை, அப்புறம் தட்டல், அப்புறம் மடி. டியூப்லைட் போடக் கூடாது, பேச்சுக் கொடுக்கக் கூடாது.

6 மாதத்துக்குக் கீழே கேட்டால் பால் கொடுக்கத்தான் வேண்டும். அதற்கு மேல், எடை சரியாக இருந்து டாக்டரும் சரி என்றால், ஒரு பாலை மட்டும் தேர்ந்தெடுத்துக் குடிக்கும் நேரத்தை மெதுவாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் நிறுத்தினால் பால் கட்டிக்கொண்டு உங்களுக்குத்தான் காய்ச்சல் வரும். அந்த நேரத்தில் அப்பா எழுந்து தட்டினால் சீக்கிரம் பலிக்கும். பால் வாசனை இல்லாத ஆள் என்பதால் குழந்தையும் கேட்காது.

காய்ச்சல், தடுப்பூசி போட்ட நாள், ஊர்த் திருவிழா எல்லாம் வந்தால் விட்டுவிடுங்கள். திரும்பி வந்ததும் படி 5-ன் நடுவிலிருந்து பிடித்துக்கொள்ளலாம். முதல் தடவை ஆன நேரம் ஆகாது. 8, 9 மாதத்தில் அம்மாவைக் காணாவிட்டால் அழும் பருவம் வரும். அப்போது எல்லாம் கெட்டுவிட்டதுபோலத் தெரியும். பகலில் துணியால் முகத்தை மூடித் திறந்து ‘அம்மா எங்கே’ விளையாடுங்கள், கொஞ்சம் உதவும்.

பின்சேர்க்கை 1: எழுந்து வந்துவிடும் 2 வயதுக்காரர்கள்

இந்தப் பதிவைப் போட்டபின் அதிகம் வந்த கேள்வி. “தண்ணி”, “உச்சா”, “இன்னொரு கதை” என்று பாயை விட்டு எழுந்து ஹாலுக்கு வந்து நிற்பார்கள். தண்ணீரும் உச்சாவும் படி 4-ன் வரிசைக்குள் வந்துவிடட்டும். கதைகள் இரண்டுதான், எந்த இரண்டு என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். அப்புறமும் வந்தால் கோபமும் சிரிப்பும் இல்லாமல் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படுக்க வையுங்கள். ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தால் வராமல் என்ன செய்யும்? “பூச்சாண்டி வருவான், தூங்கு” என்பதை நிறுத்துங்கள். பயந்த குழந்தைக்குத் தூக்கம் வராது.

இந்த வயதில் பகல் தூக்கம் ஒன்றாகியிருக்கும். அதை மதியச் சாப்பாட்டுக்குப் பின் வையுங்கள், மூன்றரைக்குள் எழுப்பிவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: தூங்கிய கொஞ்ச நேரத்தில் அலறுவது

ஒரு வாசகி எழுதியிருந்தார்: மகள் தூங்கி ஒன்றரை மணி நேரத்தில் கண்ணைத் திறந்தபடி அலறுகிறாள், தூக்கினால் தள்ளிவிடுகிறாள், காலையில் கேட்டால் ஒன்றும் தெரியவில்லை என்கிறாள். மந்திரிக்கப் போகலாமா என்று மாமியார் கேட்கிறாராம். இது கெட்ட கனவு இல்லை. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி மட்டும் விழிக்கும்போது வருவது. பெரும்பாலும் ராத்திரியின் முதல் பகுதியில் வரும். உலுக்கி எழுப்பாதீர்கள். முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் சில நிமிடத்தில் தானாகத் தூங்கிவிடும். தூக்கம் போதாத நாட்களில் அதிகம் வரும், ஆகவே அரை மணி நேரம் முன்னால் படுக்க வைத்துப் பாருங்கள். கெட்ட கனவு விடியற்காலைப் பக்கம் வரும். அப்போது குழந்தை முழுக்க விழித்து உங்களைத் தேடும், கட்டிக்கொள்ளுங்கள். அலறலோடு கைகால் ஒரே மாதிரி வெட்டி இழுத்தாலோ, ஒரே ராத்திரியில் பலமுறை வந்தாலோ, முடிந்தால் போனில் படம் பிடித்து டாக்டரிடம் காட்டுங்கள்.

பின்சேர்க்கை 3: “ஏதாவது மருந்து கொடுக்கலாமா?”

கூடாது. கிரைப் வாட்டர், சுட்ட வசம்பு, உரை மருந்து எதுவும் தூக்கத்துக்காக வேண்டாம். 6 மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவுமே தேவையில்லை. தேன் 1 வயது வரை கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியா குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சாகிக் கைகால்களைத் தளர்த்திவிடும். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குப் போகலாம்.

சிலர் சளி மருந்தைத் தூக்க மருந்தாகக் கொடுக்கிறார்கள். “அதைக் குடித்தால் நன்றாகத் தூங்குகிறான்” என்று வெளிப்படையாகவே எழுதுகிறார்கள். குளோர்பெனிரமைனும் ஃபினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் உத்தரவிட்டது. வீட்டில் இருக்கும் பாட்டிலை எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இந்த இரண்டு பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரியவனுக்கு வாங்கி மீதி வைத்ததாக இருந்தால் சின்னவனுக்கு ஊற்ற வேண்டாம்.